முதலிடத்தில் அம்மா

எங்கள் கம்பியூட்டர் முதன்முதலாகக் கத்திய வியாழக்கிழமை பின்னேரம் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்று. எனக்கு முன்னால் ஒரே ஒரு மஞ்சள் கார். அதை முந்தப் போகிற நேரம் பார்த்து, மேசைக்குக் கீழேயிருந்து ‘கட கட கட கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. திரையில் என் கார் மலையில் மோதியது. இந்தப் பக்கம் நான் கதிரையோடு மல்லாக்க விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தேன். மண்டை உடைந்ததா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், யாராவது வருகிறார்களா என்பதுதான் அப்போது கேள்வி.

ஏனென்றால் அந்த நேரத்தில் அந்தக் கதிரையில் நான் இருக்கவே கூடாது. பன்னிரண்டு வயதான எனக்கு விதிக்கப்பட்டது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அரை மணித்தியாலம். கம்பியூட்டர் அக்காவுடையது. உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, எங்கள் ஊரான கெலிஓயாவிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கண்டி டவுனில் ஒரு கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுத்து வாங்குவதைப் பார்த்துக்கொள்கிற ஒரு புரோகிராமை அவளே எழுதித் திங்கட்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும். அது சரிவந்தால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் பேராதனையில் ஒரு அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சரிவராவிட்டால் வேலை வேறு யாருக்கோ. மூன்று மாத உழைப்பும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. பிரதி எடுத்துவைக்க வேண்டும் என்கிற பாடம் அந்த வகுப்பில் கடைசியாகத்தான் வந்ததாம். அதனால் திங்கட்கிழமை பெட்டியையே திரீவீலில் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அந்தப் பெட்டிதான் இப்போது கத்துகிறது.

முதலில், சத்தம் விளையாட்டுக்குள்ளேயே வருகிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஸ்பீக்கரை நிறுத்திப் பார்த்தேன். காரின் சத்தம் நின்றது. கட கட நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் தேங்காய் அரைக்கிறார்களோ என்று யன்னலால் எட்டிப் பார்த்தேன். அங்கே பூட்டுத் தொங்கியது. உள்ளே பல்லி விழுந்திருக்கலாம் என்று பெட்டியைத் தட்டி, ‘வெளிய வா, ஒண்ணும் செய்ய மாட்டேன்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டேன். வரவில்லை. சீடியை வெளியே எடுத்தேன். சத்தம் நின்றது. அப்போதுதான் எனக்கு வியர்த்தது. அந்தச் சீடி என் வகுப்பில் ஒருத்தனிடம் இரவல் வாங்கியது. கம்பியூட்டருக்கு வைரஸ் வரும் என்று அக்கா சொல்லியிருந்தாள். வைரஸ் என்றால் எனக்குத் தெரிந்தது காய்ச்சல் மட்டும்தான். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்பாய்ச் சுட்டது!

சமையலறைக்கு ஓடினேன். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, பெட்டியின் நெற்றி என்று நான் நம்பிய இடத்தில் போட்டேன். இப்போது நினைத்தாலும் குலை நடுங்குகிறது. நல்லவேளையாக வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. சிகிச்சை பாதியில் நின்றது. கம்பியூட்டரும் நானும் பிழைத்தோம்.

அந்த நெற்றி விஷயம் அப்பாவின் கண்டுபிடிப்பு. கம்பியூட்டர் வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதற்குத் திருநீறு பூசப் போனபோது, “நெத்தி எங்க இருக்குன்னு பாத்துப் பூசு. முதுகுல பூசிட்டா பாஸாகாது” என்று அரை மணி நேரம் சிரித்தவர் அவர். டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் பல வருடம். குடும்பத்தோடு கோயிலுக்கு வருவார், ஆனால் வாசலோடு நின்றுவிடுவார். கேட்டால், “உள்ள இருக்கிறவர நீங்க பாருங்க, செருப்ப நான் பாக்குறேன்” என்பார்.

வெள்ளிக்கிழமை அக்கா பாடச் சீடி ஒன்றைப் போட்டாள். கட கட கட கிர்ர்ர். பக்கத்தறையில் படிப்பதாக நடித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்தை முகம் மறைய உயர்த்திக்கொண்டேன்.

“நீ எதாவது செஞ்சியாடா?” அவள் கண் கலங்கியிருந்தது.

“நானா? நான் ஞாயித்துக்கிழமைக்குப் பொறகு அந்தப் பக்கமே போகல.” கேட்காமலேயே தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். அக்கா நம்பியது போலத் தெரியவில்லை. ஆனால் அழுகிற ஆளுக்கு விசாரணை நடத்த நேரம் ஏது?

சனிக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பஸ் கராஜ் ஒன்றில் மெக்கானிக். கம்பியூட்டரை அதற்கு முன்னால் தொட்டதுகூட இல்லை. அதற்காக அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“எது சுத்துனாலும் உள்ள பெயாரிங் இருக்கும். பெயாரிங் இருந்தா அது எங்கிட்ட பேசும்” என்றார். ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து, நுனியைப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அக்கா தட்டச்சு செய்து காட்டினாள். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

“நிக்கிற வண்டில நோய் தெரியாது. ஏத்தத்துல விட்டுப் பாக்கணும். ஹேவாஹெட்ட ரோட்டுல ஏத்துனா எந்த பஸ்ஸும் உண்மையக் கக்கிரும். இதுல ஏத்தம் எதும்மா?”

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “கேம்தான் மாமா.”

“போடுடா” என்றார் அப்பா.

என் வாழ்க்கையில் விளையாடச் சொல்லி உத்தரவு வந்தது அந்த ஒரு தரம்தான். உட்கார்ந்தேன். பின்னால் அப்பா, அம்மா, அக்கா. கீழே மாமா காதும் ஸ்குரூ டிரைவருமாக. விளையாடத் தெரியாதவன்போல ஓட்டுவது என்று முடிவு செய்து, வேலியில் இரண்டு தரம் இடித்தேன்.

“என்னாடா இது, மாட்டு வண்டியா? மிதி!” என்று மாமா அதட்டினார்.

மிதித்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. மஞ்சள் கார் என்னை முந்தியது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. அப்பா மறந்துபோனார், சத்தியம் மறந்துபோனது. மூன்றாம் வளைவில் பிரேக் பிடிக்காமல் திரும்புகிற என் தனி வித்தையைக் காட்டினேன். கட கட கட கிர்ர்ர்!

“வந்திருச்சு! விடாத, மிதி மிதி!” மாமா தரையில் கிடந்து கத்தினார்.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததும் அந்த விளையாட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதுவரை ஓட்டிய மிகச் சிறந்த பத்துப் பேரின் பெயரைப் பெரிய எழுத்தில் திரை முழுக்கக் காட்டும். பத்து இடத்திலும் என் பெயர் இருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று நான் முன்யோசனையோடு குடும்பத்தாரின் பெயர்களை அடித்து வைத்திருந்தேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

“இதுல மூணாவது யாரு? நானா?”

“ஆமாப்பா. நீங்க நல்லா ஓட்டியிருக்கீங்க.”

“ரெண்டாவது நானா?” மாமா தரையிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். “அப்ப மொதலாவது?”

முதலாவது அம்மா. ஒரு மாதமாக யாராலும் அசைக்க முடியாத இடம்.

“அவளுக்கு சுவிட்ச் போடவே தெரியாதேடா!” அப்பா வெடித்தார். “கரண்ட் அடிக்கும்னு துணியால தொடைக்கக்கூட பக்கத்துல போக மாட்டா. அவ இருநூறுல ஓட்டுனாளா?”

கை ஓங்கியது. நான் கண்ணை மூடினேன். மாமா குறுக்கே வந்தார். “மச்சான், அடிய பொறகு குடுங்க, எங்கயும் ஓடிற மாட்டான். மொதல்ல தொறந்து பாப்போம். சத்தம் எங்கன்னு புடிச்சிட்டேன்.”

பெட்டியின் பக்கத் தகரத்தில் நான்கு ஸ்குரூ. “லேசா வருதே, யாரும் கழட்டுனீங்களா?” என்றார் மாமா. “வித்தவன் கழட்டியிருப்பான்” என்றார் அப்பா. தகரம் விலகியது. மாமா டோர்ச் அடித்தார். அடித்தபடியே நின்றார்.

விசிறிக்குப் பக்கத்தில், ஒரு வயரில் மஞ்சள் நூலால் கட்டி, விரல் நீளத்தில் ஒரு செப்புத் தகடு தொங்கியது.

கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஓர் எழுத்து. நடுவில் அக்காவின் பெயரும் நட்சத்திரமும். சீடி சுற்றும்போது பெட்டி அதிர, தகடு ஆடி, விசிறியில் அடிபட்டு ஒரு மூலை வளைந்திருந்தது.

மாமாவின் கையிலிருந்து ஸ்குரூ டிரைவர் விழுந்தது. “செய்வினை” என்றார், காற்றுக் குரலில்.

“ஐயோ! எம்புள்ள பேர்ல எந்தப் பாவி...” என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

இரண்டு நாளாக என் முழங்கால் அந்தப் பெட்டியோடு ஒட்டியல்லவா இருந்தது? செய்வினை முழங்கால் வழியாக ஏறியிருக்கும். இரண்டையும் மடக்கி நீட்டிப் பார்த்தேன். இடது கால் கொஞ்சம் கனத்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். யாருமே என் முழங்காலைக் கவனிக்கவில்லை.

அக்கா மட்டும் வேறு எதையோ பார்த்து உறைந்திருந்தாள். “செய்வினை கெடக்கட்டும் மாமா. அந்த நூல் அறுந்து தகடு கீழ போர்ட்ல விழுந்திருந்தா எல்லாம் எரிஞ்சிருக்கும். மூணு மாசமும் போயிருக்கும்.” பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “திங்கக்கெழம நான் வெறுங்கையோட போயிருப்பேன்.”

அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அலுமாரியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மாமாவின் முதுகுக்குப் பின்னால் போனேன். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் இருந்த கை மெதுவாக இறங்கியது.

“நான்தான் வச்சேன்” என்றாள்.

அம்மா முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“புள்ள நல்லா வரணும்னு வச்சேன். தப்புதான்.”

இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன். ஒரு துளித் திருநீற்றுக்கு அரை மணி நேரம் சிரித்த மனுஷன், ஒரு முழுத் தகட்டுக்கு என்ன செய்வார்? அப்பா குனிந்து நூலை அவிழ்த்தார். தகட்டின் வளைந்த மூலையைக் கட்டைவிரலால் நீவி நிமிர்த்தினார். அம்மாவின் கையில் கொடுத்தார்.

“தேத்தண்ணி போடுறேன்” என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டார்.

அப்பா அடுப்புப் பற்றவைத்து நான் பார்த்தது அன்றுதான். அந்தத் தேத்தண்ணியில் சீனியே இல்லை. மாமா மட்டும் இரண்டு கோப்பை குடித்தார்.

எனக்கோ தாங்க முடியாத ஆத்திரம். ஒரு பாவமும் அறியாத பத்துப் பெயர்களை அடித்ததற்கு எனக்கு ஒரு மாதம் விளையாட்டுக் கிடையாது. கம்பியூட்டரையே கொளுத்தப் பார்த்த அம்மாவுக்கு உபசாரமாகத் தேத்தண்ணி! என்ன நீதி இது?

திங்கட்கிழமை பெட்டி ஒரு சத்தமும் இல்லாமல் திரீவீலில் போனது. அக்காவுக்குச் சான்றிதழும் கிடைத்தது, பேராதனையில் வேலையும் கிடைத்தது.

எனக்குக் கிடைத்தது ஒரு கதை. அம்மா கம்பியூட்டருக்குத் தகடு கட்டிய கதையை இருபத்தைந்து வருடமாக, கல்யாண வீடு, பிறந்தநாள் என்று ஓரிடம் விடாமல் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொல்லச் சொல்லத் தகடு வளர்ந்தது; இப்போது கூரைத் தகரம் அளவுக்கு வந்துவிட்டது. அம்மா ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்பா பேப்பர் வாசிப்பார்.

போன மாதம் அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது மறுபடியும் அவிழ்த்துவிட்டேன். மஞ்சள் கார், முதலிடத்தில் அம்மா, அப்பாவின் குரலிலேயே ‘சுவிட்ச் போடவே தெரியாதேடா’, பிறகு தகடு. நல்ல சிரிப்பு. அக்காவின் பதினொரு வயது மகள் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

“மாமா, அம்மாயிக்கு சுவிட்ச் போடவே தெரியாது, தொடவே பயம்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்ப நாலு ஸ்குரூவ கழட்டி உள்ள எப்பிடி வச்சாங்க?”

அக்காவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தேன், அவள் அன்றைக்குப் பார்த்தது போலவே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பேப்பரை நான்காக மடித்தார். முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

“நான் போயி தேத்தண்ணி போடுறேன்” என்றார்.

“சீனி போடுங்க” என்றாள் அம்மா.