குஞ்சைத் தின்னாத நாய்

பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வேலைக்கு நானும் வீட்டுக்காரரும் வந்த பிறகுதான் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. பண்ணை வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும். எஞ்சினை அணைக்க மாட்டார்கள். வண்டி போன பிறகு வேலியோரம் கிடக்கும் கட்டைப் பைக்குள்ளிருந்து நாய்க்குட்டிகளின் முனகல் கேட்கும்.

கோழிப்பண்ணை வாசலில் விட்டால் குட்டி பிழைத்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம். செத்த கோழி கிடைக்கும், தீனிக்குப் பஞ்சமில்லை என்பார்கள். ஆண் குட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு பொட்டைக் குட்டிகளை மட்டும் கொண்டு வருவார்கள். பால் மறக்காத குட்டி செத்த கோழியை எப்படித் தின்னும் என்று யாரும் யோசிப்பதில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி வந்த குட்டிகளில் பெரும்பாலானவற்றை நான்தான் வேலியோரம் புதைத்தேன்.

பிழைத்தது ஒரு செவலைப் பொட்டை. வளர்ந்து, தீவன மூட்டைகளுக்குப் பின்னால் அதுவும் குட்டி போட்டது. கண் திறக்காத குட்டிகளைப் பண்ணைக்காரர் சாக்கில் கட்டி எங்கேயோ அனுப்பிவிட்டார். மடியில் பால் கட்டிக்கொண்டு, அந்த நாய் ஷெட்டைச் சுற்றி மண்ணை முகர்ந்தபடியே திரிந்தது.

"ஏனுங்க அம்மணி, இன்னொருக்கா குட்டி போட்டுச்சுன்னா இதையும் சேத்துச் சாக்குல கட்டிப்போடுவேன்" என்றார் பண்ணைக்காரர். "வலையப் பிச்சுட்டு நாலு நாய் உள்ள பூந்துட்டா அப்பறம் நானும் நீங்களும் என்னங்க பண்றது?"

"சரிங்க" என்றேன்.

கோயமுத்தூரில் மாதம் ஒருமுறை முகாம் போட்டு, எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுபடியாகிற செலவில் நாய்களுக்குக் கருத்தடை செய்கிறார்கள் என்று தீவன லாரி ஓட்டுபவர் சொன்னார். வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நாயிக்குக் குடும்பக் கட்டுப்பாடா? உனக்குப் பண்ணுனப்பவே நான் லீவு போடலியே!"

"அதுக்குத்தான் இதுக்காச்சும் போடுங்கன்றேன்."

சிரித்தபடியே மினி ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார்.

வெறும் வயிற்றோடு கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின ராத்திரியிலிருந்தே சோறு வைக்கவில்லை. கோழி ஏற்றும் கூண்டில் அடைத்துக் கொண்டுபோனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"காலைல ஏதாச்சும் சாப்புட்டுச்சுங்களா அக்கா?"

"ஒண்ணுமே குடுக்கலைங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள் நாய் வாந்தியெடுத்தது. மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சு மயிர். விடிகாலையில் செத்த குஞ்சுகளைப் பொறுக்கி வாளியில் போடும்போது, வழக்கம்போல ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிருந்தது. என் கண் முன்னால்தான் போனது. பண்ணையில் இருப்பவர்களுக்குச் சோறு வைத்தால்தான் நாய்க்குச் சாப்பாடு என்று கணக்கு. குஞ்சைத் தின்றது சாப்பாடாக எனக்குத் தோன்றவே இல்லை.

"வயித்துல தீனி இருந்தா மயக்க ஊசி போட முடியாதுங்க. உசுருக்கு ஆபத்து. அடுத்த முகாமுக்கு வாங்க" என்றார் டாக்டர்.

அதற்குள் ஆண் நாய்கள் பண்ணை வாசலில் கூடிவிட்டன. விரட்டினோம். கட்டிப்போட்டும் பார்த்தோம். அடுத்த முகாமில் டாக்டர் அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"செனையா இருக்குதுங்க அக்கா. எடுத்தா எல்லாத்தையும் சேத்துத்தான் எடுக்கோணும். நீங்கதான் சொல்லோணும்."

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பண்ணைக்காரரின் சாக்குதான் கண் முன்னால் நின்றது.

"எடுத்துருங்க" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆபரேசன் முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டோடு நாய் திரும்பி வந்தது. புண் நன்றாக ஆறியது. "இனி இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார் பண்ணைக்காரர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனையும்.

பிறகு பண்ணைக்குப் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கின. செத்துப்போன ஒன்றைக் கவ்விக்கொண்டு நாய் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போனது. வெகுநேரம் வெளியே வராததால் எட்டிப் பார்த்தேன். அது தின்னவில்லை. குஞ்சை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்து நக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் மயிர் ஈரத்தில் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. நாயின் மடியில் பால் சுரந்திருந்தது. மூக்கால் குஞ்சை மெல்ல மடிப்பக்கம் தள்ளிவிட்டு, காத்திருந்தது.

நாற்றமெடுத்ததும் எடுத்துப் புதைத்தேன். மறுநாள் இன்னொரு குஞ்சைக் கொண்டுபோய் வைத்திருந்தது.

போனில் கேட்டபோது, குட்டியை எடுத்த பிறகு சிலதுக்கு இப்படிப் பால் சுரக்கும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சொன்னபடியே பால் வற்றியது. ஆனால் அதற்குப் பிறகு அந்த நாய் குஞ்சைத் தின்பதில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வந்தால் எழுந்து போய்விடும். சில மத்தியானங்களில் மூட்டைகளுக்குப் பின்னால் முனகல் கேட்பதுபோல் இருக்கும். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். எதுவும் இருக்காது. திரும்பினால், நாயும் காதை நிமிர்த்திக்கொண்டு அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

போன மாதம் ஒரு ஸ்கூட்டர் வந்து வாசலில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் கட்டைப் பை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சன்னலுக்குப் பின்னால் நிற்காமல் எப்படி வாசலுக்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இங்க தீனி கெடைக்குமல்லங்க?" என்று அவளே கேட்டாள்.

"பொட்டைங்களா?"

"ஆமாங்க."

"தாயி?"

"ஊட்ல கெடந்து கத்துதுங்க."

நான் வண்டிக்குப் பக்கத்தில் போனேன். "குட்டிகளத் தாயிகிட்டயே உட்டுருங்க. பால் மறந்தப்பறம் தாயிக்கு ஆபரேசன் பண்ணிப்போடலாம். ரொம்பச் செலவாகாதுங்க. நான் கூட வாரேன். அன்னிக்குக் காலைல மட்டும் எதையும் திங்க உடாதீங்க, எதையுமே."

"நாயிக்கு இத்தன பாடாங்க?" என்றான் வண்டியை ஓட்டி வந்தவன்.

செவலை என் பக்கத்தில் வந்து நின்று பையைப் பார்த்து மூக்கைத் தூக்கியது. அந்தப் பெண் அதையே பார்த்தாள். பிறகு பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, அவன் தோளைத் தட்டினாள். ஸ்கூட்டர் திரும்பிப் போனது.

வீட்டுக்குப் போனார்களா, அடுத்த பண்ணை வாசலுக்கா, எனக்குத் தெரியாது. முகாமுக்கு எங்கே வரவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. சொல்ல எனக்கும் தோன்றவில்லை. புழுதி அடங்கும் வரை நாய் வாசலிலேயே நின்றது. வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் குட்டிகளின் முனகல் மட்டும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.