மூன்றாம் அடியில் நின்றவன்

வெள்ளிக்கிழமை காலை பரமத்தி வேலூர் மண்டியில் வெற்றிலை ஏலம் கூவிக்கொண்டிருந்தேன். கட்டு இறக்க வந்த ஆள், "நம்ம கொடிக்கால் செல்லப்பன் போயிட்டாருங்க. மூணு நாள் காய்ச்சலுங்க" என்றான். ஏலத்தை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இலைதான் வாடும், அவன் வரப்போவதில்லை என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களோடு படித்த சிலராவது இதைப் பார்ப்பீர்கள். அவன் பாட்டுப் படித்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். நாமெல்லாம் பரீட்சைக்கு உருப்போட்டோம். அவன் ஓர் அடியைப் படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். என்னடா பண்றே என்றால், "இரு, இன்னும் உள்ள போயிட்டிருக்குது" என்பான். உள்ள போறதுக்குச் சோறா தின்னே என்று கேலி செய்வோம்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் செய்யுள் ஒப்பிக்க அவனைத்தான் எழுப்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் புலம்பும் நான்கு அடிப் பாட்டு. இரண்டு அடி கணீரென்று வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டான். மிச்சம் யாருக்குத் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் எழுந்து ஒரே மூச்சில் முடித்தேன். பரிசுப் புத்தகம் எனக்கு, பிரம்படி அவனுக்கு.

வெளியே வந்ததும் சொன்னான்: "மறக்கலடா. எங்கூட்டுப் பாப்பா போயி எட்டு நாள்தான் ஆச்சு. எங்கம்மா அழுததையே அந்தப் பாட்டு சொல்லுது. அதுக்கு மேல வாய் வரலை."

பாப்பா போனது எனக்குத் தெரியும். துக்கம் கேட்க நானும் போயிருந்தேன். தெரிந்துதான் எழுந்தேன்.

கையில் தடிப்பைப் பார்த்த அவன் அப்பா, படித்துக் கிழித்தது போதும் என்று மறுநாளே அவனைக் கொடிக்காலில் இறக்கிவிட்டார். கட்டைவிரலில் தகர நகம் மாட்டி வெற்றிலை கிள்ளுவதே அவன் பிழைப்பாயிற்று. நான் தலைச்சுமையாக இலை விற்று, பிறகு மண்டி வைத்தேன்.

கட்டு கொண்டுவரும்போதெல்லாம் கேட்பான்: "அந்தப் பொஸ்தகத்த ஒருக்காக் குடு சாமி. படிச்சுட்டுத் தாரேன்."

தேடிப் பார்க்கிறேன் என்பேன். தேட வேண்டியதே இல்லை, வீட்டில் சாமி படத்துக்குக் கீழேதான் இருந்தது. தாள்களின் மடிப்பு வெட்டாமலே அச்சாபீசிலிருந்து வந்த புத்தகம். ஒரு மடிப்பைக்கூட நான் வெட்டிப் படிக்கவில்லை. கொடுத்தால் அது அவனுக்குத் தெரிந்துவிடும். இருபது வருஷம் இப்படியே போயிற்று. போன மாதம் அவனே சிரித்துக்கொண்டு, "இனி நீயே வெச்சுக்க. எனக்கு அந்த ரெண்டு அடியே தீரமாட்டேங்குது" என்றான்.

துக்கத்துக்குப் போனபோது அவன் மனைவியிடம் தகர நகத்தைக் கேட்டேன். "தேஞ்சு போனது, உங்களுக்கு எதுக்குங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். அதைக்கொண்டே புத்தகத்தின் மடிப்புகளைக் கிழித்தேன். அந்தப் பாட்டும் அதில் இருந்தது. வாய்விட்டுப் படித்தேன். மூன்றாம் அடியில் நிற்கப் பார்த்தேன். நாலாம் அடி, அன்றைக்குப் போலவே, தானாக வந்துவிட்டது.

நகம் அவன் வீட்டார் கொடுத்தது. புத்தகம் நான் கொடுக்காதது. இரண்டையும் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.