நல்லூரில் நடந்த சடங்கு

பினாங்கில் நான் நர்ஸ். இரண்டாயிரங்களின் நடுவில் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்குச் சுகாதாரப் பாடம் சொல்லித்தரத் தொண்டராக வந்தேன். தாத்தா பிறந்த நாடுதான் என்றாலும் எனக்கு அது வெளிநாடு. நான் பேசும் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கச் சிரித்தார்கள்.

பெரும்பாலும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் மகள்கள். மாதவிலக்குக்குக் கட்டிங்கில் மிஞ்சும் துண்டுத் துணியைத்தான் பயன்படுத்தினார்கள். துவைத்து வெயிலில் காயப்போடுங்கள் என்றேன். "எங்கீங்க மிஸ் போடறது? ஒரே காம்பவுண்டுல எட்டு ஊடு இருக்குதுங்க" என்றாள் ஒருத்தி.

கருப்பையைப் போர்டில் வரைந்து காட்டிய அன்று, வகுப்பு முடிந்தும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி போகாமல் நின்றாள்.

"மிஸ், எனக்கு மட்டும் இன்னும் வரல. பதினாறு ஆகப்போவுது."

அவள் அம்மா, கணவர் இறந்தபின் திருநெல்வேலிப் பக்கமிருந்து மகளோடு வந்தவர். திருப்பூரை ஒட்டிய நல்லூரில் ஒரு கம்பெனியில், தைத்த பனியன்களைச் செக்கிங் பார்க்கும் வேலை. அவருக்கு லீவு கிடைத்த நாளில் மூவரும் கோயம்புத்தூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் அம்மா நிதானமாகத்தான் சொன்னார்: பிறவியிலேயே கருப்பை உருவாகவில்லை. மற்றபடி ஆரோக்கியமான பெண். ஆனால் மாதவிலக்கு வராது, பிள்ளை சுமக்க முடியாது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவிநாசி தாண்டிய பிறகு அந்தப் பெண் என் காதருகே கேட்டாள்.

"நீங்க போர்டுல வரைஞ்சீங்கள்ல, அது எனக்குள்ள இல்லையா மிஸ்?"

"இல்லம்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வீட்டுக்காரம்மா நிறுத்தினார். "ஏனுங்க டீச்சர், அந்தக் கண்ணு இன்னும் பெரிய மனுசி ஆகலீங்களா? ஏதாச்சும் கொறைங்களா?" அக்கறையாகத்தான் கேட்டார். காம்பவுண்டு முழுவதும் அதே அக்கறைதான்.

உள்ளே போனதும் அம்மா கதவைச் சாத்தினார். "எல்லாரும் கேக்காவ மிஸ். நான் என்னத்தச் சொல்லுவேன்? வாற முகூர்த்தத்துல இவளுக்குச் சடங்கு வச்சிருதேன். சமைஞ்சிட்டான்னு சொல்லிரப் போறேன்." யாருக்கெல்லாம் தெரியும் என்றேன். "எங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. நீங்க மட்டும் வந்து நில்லுங்க மிஸ்" என்று என் கையைப் பற்றி அழுதார்.

போய் நின்றேன். கம்பெனிக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை. தெருவை அடைத்துப் பந்தல். தாய்மாமன் பட்டுச்சேலையும் தட்டு வரிசையுமாக வந்திறங்கினார். பெண்கள் மஞ்சள் பூசி, நீர் ஊற்றி, ஆரத்தி சுற்றினார்கள். சீக்கிரமே தன் மகனுக்குக் கட்டிவைக்கப் போவதாக மாமன் சத்தமாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். விதவை என்பதால் அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அந்தப் பெண் மாலையோடு நாற்காலியில் அமர்ந்திருந்தாள். திருநீறு பூச நான் குனிந்தபோது மெல்லக் கேட்டாள்:

"இனிமே யாரும் கேக்க மாட்டாங்கல்ல மிஸ்?"

"மாட்டாங்க" என்றேன். பந்தலுக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பினாங்கு திரும்பிய பிறகும் எப்போதாவது அந்த அம்மாவின் செல்போனுக்குப் பேசுவேன். பிளஸ் டூ முடித்ததும் அவள் டெய்லரிங் வேலைக்குப் போனாள். மாமன் வீட்டில் நிச்சயத்துக்கு நாள் பார்த்தபோது, அவளே மாமனை உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அவர் எழுந்து போய்விட்டார். பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. செய்தி காம்பவுண்டுக்கும் பரவியது. திருப்பூரின் வேறொரு மூலையில், நெருப்பெரிச்சல் பக்கம் வீடு மாறினார்கள்.

"ஏண்டி சொன்னன்னு கேட்டேன் மிஸ்" என்றார் அம்மா. "'அந்தப் பையன் பாவம்மா'ன்னா. அவளுக்காக நான்தான் அழுதுக்கிட்டு இருக்கேன். அவ அழவே மாட்டேங்கா."

போனை அவளிடம் கொடுங்கள் என்றேன். ஷிப்டுக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும் என்றார்.