கடைசிக் கட்டத்தில் போட்ட கோடு

அது ஒரு மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம். முன்பக்கத்தில் ஏதோ ஒரு நகைக்கடை விளம்பரமும் மார்ச் மாதத்துத் தேதிகளும். பின்பக்கத்து வழவழப்பான வெள்ளையில், ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இழுத்த கட்டங்கள். இடது ஓரத்தில் ஐந்து கல்லூரிகளின் பெயர்கள். மேலே தலைப்புகள், எல்லாம் தமிழில், உருண்டை உருண்டையான எழுத்தில்: ரயிலடியிலிருந்து நடக்க எத்தனை நிமிடம், ஹாஸ்டல் உண்டா, பிசிக்ஸ் லேப் எப்படி, நூலகம் எத்தனை மணி வரை, கக்கூஸ் சுத்தமா, போன வருடம் கடைசியாகச் சேர்ந்தவளின் மார்க். கடைசிக் கட்டத்தின் தலைப்பு மட்டும் ஒரு கேள்வி: தமிழ்க்காரர்களுக்குத் தனி இடம் உண்டா? டீச்சரிடம் கேட்கணும். அதன் கீழே ஐந்து வரிசைக்கும் சேர்த்து, மேலிருந்து கீழாக, நீல மையில் ஒரே ஒரு கோடு. பென்சில் எழுத்தெல்லாம் எங்கள் பள்ளி ப்யூனுடைய மகள் எழுதியது. கோடு நான் போட்டது.

நான் கிழக்கேகோட்டையில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வாசற்படிக்கு உள்ளே தமிழ், தாண்டினால் மலையாளம் என்பதுதான் எங்கள் வீட்டு நடைமுறை. நகரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் கற்பித்தேன். ப்யூன் பாறசாலைக்குத் தெற்கே, மாநில எல்லைக்கு இந்தப் பக்கமே ஒட்டி இருந்த ஒரு கிராமத்திலிருந்து காலை ரயிலில் வருவார். அங்கே அவர்கள் பேசுவதும் தமிழ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவதும் தமிழ். ஒருநாள் நான் அம்மாவிடம் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "டீச்சரும் நம்ம ஆளுதானா!" என்று அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து தனியாக இருக்கும்போது அவர் எனக்கு அண்ணாச்சி. மற்ற ஆசிரியர்கள் இருந்தால் 'சேட்டா' என்று மலையாளத்தில் கூப்பிடுவேன். ஏன் இரண்டு பெயர் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யார் உள்ளே வந்தாலும், எனக்கு முன்னால் அவரே மலையாளத்துக்கு மாறிவிடுவார். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவர் காட்டிய அந்த மரியாதையை நான் என் உரிமை என்றே எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் எனக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, விருப்பங்களை எந்த வரிசையில் கொடுப்பது, என்னென்ன சான்றிதழ் தயாராக இருக்க வேண்டும் என்று வழிகாட்டும் வேலை. விண்ணப்பம் எல்லாம் அப்போது புதிதாகக் கணினிக்கு மாறியிருந்தது. மே மாதம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் கணினிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க, கதவு வரை கூட்டம் நிற்கும். "நல்ல காலேஜ்னு ஒண்ணு கிடையாது, உனக்கு நல்லது எதுங்கறதுதான் கேள்வி" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரசங்கம் செய்வேன். பெயருக்கு மயங்காதே, போய் நேரில் பார், அங்கே படிக்கிறவர்களைக் கேள் என்பேன். நான் சொன்னதை ஒருவரும் செய்ததில்லை. என் மகளும் செய்யவில்லை. தோழிகள் எந்தக் கல்லூரியோ அதுதான் அவளுக்கும். ஊருக்கு உபதேசம் என்பது சும்மாவா?

நான் சொன்னதை அப்படியே செய்தவள் ப்யூனின் மகள் ஒருத்திதான். அவள் எங்கள் பள்ளியில் படித்தவள்கூட இல்லை. ஊரிலேயே தமிழ் வழியில் படித்தாள். அப்பா வாயால் கேட்ட என் பிரசங்கத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் அவரையும் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லூரி வாசலுக்கும் போயிருக்கிறாள். வெளியே வரும் பெண்களை நிறுத்திக் கேள்வி கேட்பாளாம். "நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிப்பேன் டீச்சர். அப்பன் கூட நிண்ணா அந்தப் பிள்ளைங்க பேசாதாம்" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொல்வார். அவளுக்கு வேண்டியது பிசிக்ஸ். ஐந்து கல்லூரியும் பார்த்தபின் அவள் முதலில் வைத்தது நகரத்து நடுவில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரியை. ரயிலடியிலிருந்து நடந்து போகலாம், நூலகம் ஆறு மணி வரை, லேப் பிரமாதம்.

என் மகளும் அதே கல்லூரியில் அதே பாடத்தைத்தான் கேட்டாள். அவள் மார்க்குக்குப் பொதுப் பட்டியலில் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு, தமிழ் பேசும் சிறுபான்மையினருக்கென்று ஒரே ஒரு தனி இடம் இருந்தது. தாலுகா ஆபீஸில் மொழிச் சிறுபான்மைச் சான்றிதழ் வாங்கி, விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் குறியிட வேண்டும். அவ்வளவுதான். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவளுக்குத் தமிழ் சீட்டா? ஒரு 'அ' எழுதச் சொல்லு, நான் மொட்டை போட்டுக்கறேன்" என்றார். மகளுக்குத் தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. பேச்சுகூட பாட்டியிடம் பேசும் நாலு வார்த்தைதான். ஆனால் வாசிக்கத் தெரியுமா என்று சட்டம் கேட்கவில்லை. நாங்கள் தமிழ்க்காரர்கள், அதில் பொய் இல்லை. சான்றிதழில் பொய் எதுவும் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

பொய் வேறொரு இடத்தில் இருந்தது. ப்யூனின் மகள் என் மகளைவிட மார்க் அதிகம் வாங்கியிருந்தாள். அவளும் அந்தக் கட்டத்தில் குறியிட்டால் அந்த ஒரே இடம் அவளுக்குத்தான் போகும். ஸ்டாஃப் ரூம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை நான் நிதானமாக யோசித்தேன். கோபத்திலோ அவசரத்திலோ செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

இன்னொன்றும் செய்தேன். அதை எழுதும்போது பேனா நகர மாட்டேன் என்கிறது. என் மகளின் சான்றிதழை வாங்கி வர அவரைத்தான் அனுப்பினேன். "சேட்டா, ஒரு சின்ன உபகாரம்" என்று மற்றவர்கள் எதிரில் ரசீதையும் ஒரு பழுப்பு உறையையும் கொடுத்தேன். அவருக்கு மலையாளம் பேசத்தான் வரும், வாசிக்க வராது; இருந்தாலும் யாரிடமாவது காட்டிவிடக்கூடாதே என்று, வாங்கியதும் உறைக்குள் போட்டு ஒட்டிக் கொண்டுவாருங்கள், மழையில் நனைந்துவிடும் என்றேன். அன்றைக்கு மழை இல்லை. அவர் காலையில் போய் மூன்று மணிக்கு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உறையைச் சுத்தமாக ஒட்டி, என் மேஜைமேல் வைத்தார். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த அந்தக் காலண்டர் தாளை எடுத்து விரித்தார். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, வர முடியவில்லை, டீச்சரே அவளுடைய விண்ணப்பத்தையும் போட்டுவிட வேண்டும் என்றார்.

அறையில் இன்னும் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். எப்போதும் அவர்கள் எதிரில் மலையாளம் பேசுகிறவர், அன்று தமிழில் கேட்டார். "டீச்சர், கடைசி கட்டத்துல பிள்ள ஒண்ணு கேக்கச் சொல்லியிருக்கா. தமிழ்க்காரங்களுக்கு எண்ணு சொல்லி தனிச்சு சீட்டு ஏதும் உண்டா?"

நான் மலையாளத்தில் பதில் சொன்னேன். "அங்ஙனெ ஒந்நும் இல்ல சேட்டா." அப்படி ஒன்றும் கிடையாது. அந்தப் பொய்யைச் சொல்ல வீட்டு மொழி எனக்கு வாயில் வந்திருக்காது என்று நினைக்கிறேன். பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடும் இழுத்தேன். தேர்வுத் தாளில் எழுதாமல் விட்ட பக்கத்தை அடிப்பதுபோல.

"நல்லா பாத்துதானே டீச்சர் சொல்லுதீங்க?" என்றார். அவர் பார்வை தாளில் இல்லை, மேஜைமேல் இருந்த உறையில் இருந்தது. "ஆமாம்" என்றேன். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். நான் அவள் விண்ணப்பத்தை நிரப்பினேன். திரையில் அந்தச் சின்னக் கட்டம் வந்தது. அதைத் தாண்டிப் போனேன்.

இடம் என் மகளுக்குக் கிடைத்தது. ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனவர் அவர்தான். திரும்பி வந்து கடைசி லட்டை எடுத்துக்கொண்டு, "பாப்பா நல்லா வரட்டு டீச்சர்" என்றார். ப்யூனின் மகளுக்குப் பொதுப் பட்டியலில் கொஞ்சத்தில் போய்விட்டது. பிசிக்ஸ் எங்கும் கிடைக்கவில்லை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் காமர்ஸ் படித்தாள். என் மகளோ ஒரு வருடம் முடிந்ததும் பிசிக்ஸ் அலுத்துவிட்டது என்று பெங்களூருக்கு இன்ஜினீயரிங் போய்விட்டாள். மீதி இரண்டு வருடமும் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

இத்தனைக்கும் பிறகு நான் நன்றாகத்தான் தூங்கினேன். அவருக்குத் தெரியாது என்ற ஒரே எண்ணம் போதுமானதாக இருந்தது. அவர் ஓய்வு பெற்றார், பிறகு நானும் ஓய்வு பெற்றேன். மேஜையைக் காலி செய்தபோது அடியில் அந்தத் தாள் கிடைத்தது. கிழித்துப் போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

போன வருடம் அம்மா இறந்தபின் வாரிசுச் சான்றிதழ் வாங்க அதே தாலுகா ஆபீஸுக்குப் போனேன். இந்த முறை அனுப்ப ஆள் இல்லை. சான்றிதழ் தயாரானதும் குமாஸ்தா ஜன்னல் வழியாக உரக்கக் கூப்பிடுகிறார். ஆளின் பெயர், வீட்டுப் பெயர், அதோடு என்ன சான்றிதழ் என்பதும். கூடம் முழுக்கக் கேட்கும். எனக்கு முன்னால் ஒரு பையனைக் கூப்பிட்டார்கள்: "பாஷா ந்யூனபக்ஷம், தமிழ்!" மொழிச் சிறுபான்மைச் சான்றிதழ். அவன் எழுந்து போனான். அவன் வாங்கிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் இப்படித்தானே கூப்பிட்டிருப்பார்கள்? என் மகளின் பெயரும் அந்த வார்த்தைகளும் அவர் காதில் விழாமல் எப்படி இருந்திருக்கும்? எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் அன்று என் எதிரில் வந்து நின்றிருக்கிறார். உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, தமிழில், எல்லார் எதிரிலும் கேட்டிருக்கிறார். நான் உண்மையைச் சொல்ல இரண்டு தடவை வாய்ப்பு கொடுத்திருக்கிறார்.

அடுத்த வாரம் தாளை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். மெலிந்திருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "அண்ணாச்சி, உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டுத் தாளை விரித்து வைத்தேன். அழக்கூடாது என்று நினைத்துப் போனேன், முடியவில்லை. அவர் அந்தக் கோட்டைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து, என் கைப்பைக்குள் அவரே வைத்தார்.

"இத அவ பாக்கப்பிடாது எண்ணுதான் நான் திருப்பிக் கேக்கல்ல டீச்சர்" என்றார் மெதுவாக. "டீச்சர் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்ணு அவ நெனைச்சிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டு. கண்ணத் தொடைங்க, அவ வாறா."

உள்ளேயிருந்து அவர் மகள் தேநீரோடு வந்தாள். கல்யாணமாகி, பக்கத்து வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். என்னை அதுவரை பார்த்ததே இல்லை, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "டீச்சர் வந்தது நல்லதாப் போச்சு. எனக்க அண்ணன் மக இந்த வருசம் பிளஸ் டூ. பிசிக்ஸ்தான் வேணும்ணு நிக்கா. எந்த காலேஜ் நல்லதுண்ணு டீச்சர்தான் சொல்லணும்" என்றாள்.

நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "தமிழ்க்காராளுக்குத் தனி இடம் இருக்கும்மா. தாலுகா ஆபீஸ்ல சான்றிதழ் வாங்கணும். நானே கூட வரேன்." இந்த முறை என் வீட்டுத் தமிழிலேயே சொன்னேன்.

அவள் கண்கள் விரிந்தன. "அப்படியா? எனக்க சமயத்துல அது இல்லியே. எப்ப டீச்சர் வந்தது?"

நான் அவரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லத்தான் அங்கே போயிருந்தேன். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "இப்பம் கிட்டத்துலதான் மக்களே வந்திருக்கும்" என்றார் மகளிடம்.

நான் தலையாட்டினேன். தாள் இப்போது என் எதிரில் விரிந்து கிடக்கிறது. என் நீல மை வெளிறிப்போயிருக்கிறது, அவள் பென்சிலால் எழுதிய கேள்வி அப்படியே இருக்கிறது.