அரளிக்குள் ஒரு வழி

நான் அடிதடிக்காரன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் எனக்கு வாய் பேசாது, கைதான் பேசும். இரண்டு எருமையும் ஒரு டிவிஎஸ் வண்டியும் வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கிறவனுக்கு இத்தனை கோபம் எங்கிருந்து வருகிறது என்று மதினி கேட்பாள். அண்ணன் பம்பாயில் கடையில் வேலை பார்த்தான். பிள்ளைகள் கிடையாது. மதினி எங்களோடுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவை ரயில் ஏறும்போதும் அண்ணன், "மதினியப் பாத்துக்கோலே" என்று சொல்லுவான். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கங்கைகொண்டானுக்குப் பக்கம். முன்பெல்லாம் ஊருக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ரோடு. பத்து எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அரசாங்கம் அதை நாலுவழிச்சாலை ஆக்கியது. கோடி கோடியாகக் கொட்டினார்கள். பாதுகாப்பான பயணம் என்று பெரிய பலகை வைத்தார்கள். நீளவாக்கில் போகிறவனுக்குப் பாதுகாப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. குறுக்கே போகிற எங்களைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை. சாலையின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு கான்கிரீட் சுவர், இடையில் மண், மண்ணில் வரிசையாக அரளி. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கக்கூடாதாம். மறுபக்கம் போக வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் வடக்கே போய்ப் பாலத்துக்கு அடியில் திரும்பி வரவேண்டும். பால் சொசைட்டி மறுபக்கம். மதினி வேலை பார்த்த தொழிற்பேட்டைக் கம்பெனியின் பஸ் நிற்பதும் மறுபக்கம்.

இரண்டு மாதம் சுற்றினேன். மூன்றாவது மாதம் கடப்பாரையை எடுத்தேன்.

பட்டப்பகலில்தான் உடைத்தோம். நாலு பேர். என் வண்டி பால்கேனோடு நுழைகிற அகலத்துக்கு இரண்டு சுவரையும் பெயர்த்துத் தள்ளினோம். வழியில் நின்ற அரளியை மட்டும் பிடுங்கினேன், இரண்டு பக்கமும் தலை உயரத்துக்கு நின்றதைத் தொடவில்லை. சாலைக்காரர்களின் ரோந்து வண்டி வந்தால் இடைவெளி கண்ணில் படக்கூடாது என்று நான் சொன்ன யோசனை அது. தூரத்திலிருந்து பார்த்தால் வழி இருப்பதே தெரியாது. ஊரே என் மூளையை மெச்சியது. மதினி மட்டும், "ஒளிஞ்சு பிடிச்சு விளையாடதுக்கா வழி போட்டிய?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் காலையிலிருந்து அவளும் அந்த வழியாகத்தான் போனாள்.

நாலைந்து மாதம் கழித்து எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். அடைக்க ஒரு ஒப்பந்தத் தொழிலாளி வந்தான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருந்தவனிடம் நான் போய் நின்றேன்.

"அள்ளிட்டுப் போயிருலே."

"அண்ணாச்சி, எனக்கு என்ன வந்துச்சு? அடைக்கச் சொன்னாங்க, அடைக்கேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க மறுபடியும் உடைப்பீங்கன்னு எனக்குத் தெரியும். உடைச்சா இந்த அரளியையாவது வெட்டிப் போடுங்க. வார வண்டிக்கு ஆளு தெரியல, ஆளுக்கு வண்டி தெரியல" என்றான்.

நல்லதைத்தான் சொன்னான். எனக்கோ என் மூளையைப் பழித்த மாதிரி இருந்தது. அவன் மம்பட்டியையே பிடுங்கி, காம்பால் அடித்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது அடிக்குக் கையைக் குறுக்கே வைத்தான், விரல் ஒடிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சிமெண்ட் சட்டியை எட்டி உதைத்தேன். கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவன் தன் வண்டியைப் பார்த்து நடந்தான். போலீஸுக்குப் போகவில்லை, அதற்குப் பிறகு அடைக்கவும் யாரும் வரவில்லை. அதைக்கூட நான் என் வீரமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த புரட்டாசியில் ஒரு நாள் காலை. மதினி முன்னால் நடந்து போனாள். நான் வண்டியில் பாலோடு பின்னால் போனேன். ஊர்ப் பக்கத்துச் சாலையைத் தாண்டிவிட்டோம். மறுபக்கம் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மதினி அரளிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் காலை வைத்தாள். வடக்கேயிருந்து ஒரு கார். பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது, உடனே இடிக்கிற சத்தமும் கேட்டது. அவளுடைய சோற்று வாளி உருண்டு போய் பஸ் சக்கரத்தில் முட்டி நின்றது. மதினி ரோட்டில் கிடந்தாள். இடது கால் முட்டிக்குக் கீழே வேறு யாருடைய காலோ போல மடங்கிக் கிடந்தது.

நான் அவளிடம் ஓடவில்லை. காரிடம் ஓடினேன்.

கார்க்காரன் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறவன். நெற்றியில் அப்போதுதான் பூசிய திருநீறு. அவனே கதவைத் திறந்துகொண்டு, "என் வண்டியிலயே ஏத்துங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்று பதறிக்கொண்டு வந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினேன். "செடிதான்யா தெரிஞ்சுது, ஆளு தெரியலய்யா" என்றான். அந்த வார்த்தைதான் எனக்கு வெறியை ஏற்றியது. கீழே தள்ளி மிதித்தேன். பால்கேன் மூடியைக் கழற்றி அதனாலும் அடித்தேன். அவன் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். காருக்குள் பிள்ளைகள் அலறின. அதற்குள் ஊரார் கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தார்கள், டயரைக் கிழித்தார்கள். மதினியை ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டிய கார் அது.

இரண்டு பக்கமும் கல்லையும் கட்டையையும் போட்டு மறியல் தொடங்கியது. சுரங்கப்பாதை வேண்டும், கலெக்டர் வரவேண்டும் என்று சத்தம். லாரிகள் வரிசை கட்டி நின்றன. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் எங்கள் மறியலுக்குப் பின்னால் சிக்கி அலறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓடிவந்துதான் மதினியை எடுத்தார்கள். அதுவரைக்கும் கம்பெனிப் பெண்கள் நாலு பேர் தங்கள் துப்பட்டாவால் அவள் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு நேரம்?" காலை எடுத்துவிட்டார்கள். பம்பாயிலிருந்து அண்ணன் வந்தான். என்னைத் திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள, நீ பக்கத்துல இருந்தெ" என்றான். எனக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது. கூட்டத்துச் சத்தத்தில் மதினி கூப்பிட்டது காதில் விழவில்லை என்று அவனிடம் சொன்னேன். ஊரிலும் அதையேதான் சொன்னேன்.

மறியல் வீண்போகவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், பணம் ஒதுக்கினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் வேலை நடந்து சுரங்கப்பாதை வந்தது. பழைய இடைவெளியை அடைக்க அதே தொழிலாளி வந்தான். ஒரு விரல் மடங்காமல் விறைத்து நின்றது. நான் அரிவாளோடு வருவதைப் பார்த்ததும் சட்டியைப் போட்டுவிட்டு நாலு அடி பின்னால் போனான். நான் அரளியைத்தான் வெட்ட வந்தேன். கடைசிச் செடி வரைக்கும் வெட்டி முடித்தேன். "மன்னிச்சிருப்பா" என்றேன். நான் தள்ளிப் போன பிறகுதான் அவன் கிட்டே வந்து வேலையைத் தொடங்கினான்.

திறப்பு விழா அன்று மைக்கில் ஒருவர், இனி இந்த ஊரில் ஓர் உயிரும் போகாது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மதினி கட்டைக்கால் மாட்டி, ஊன்றுகோலோடு வந்திருந்தாள். கம்பெனி வேலை போய்விட்டது. நாள் முழுக்க நின்று செய்கிற வேலைக்கு ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? கூட்டம் கலைந்ததும், "வா கொழுந்தனே, அந்தப் பக்கம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள்.

உள்ளே வெள்ளை அடித்து, விளக்குப் போட்டு, சுத்தமாக இருந்தது. தலைக்கு மேலே லாரிகள் ஓடுகிற அதிர்வு. பையப் பைய நடந்தோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றாள்.

"அன்னைக்குக் காரு இடிச்சது எனக்கு ஞாபகமே இல்ல. நீ அந்த மனுசன அடிச்ச சத்தந்தான் இன்னும் காதுக்குள்ள கேக்கு. மூணு தடவ ஒன்னயக் கூப்பிட்டேன்."

"கேக்கல மதினி."

"அவ்வளவு சத்தத்துல எங்க கேக்கப்போவுது" என்று அவளே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, ஊன்றுகோலை எடுத்து வைத்து நடந்தாள்.

முதல் தடவையே கேட்டது. இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.