முற்றத்தின் நடுவே ஒரு மதில்

1. சூறாவளி எங்கள் வீட்டின் கூரையையும் மேற்குச் சுவரையும் கொண்டுபோனது.
2. ராத்தாவின் கலியாணம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை குடிவர வீடு இல்லை.
3. வளைகுடா நாடொன்றில் மேசன் வேலை செய்த மாமா லீவில் வந்தார்.
4. அவர் சொல்லச் சொல்ல, நான் ஒரு மண் வீட்டுக்குப் படம் வரைந்தேன்.
5. மாப்பிள்ளையின் உம்மா வந்து பார்த்தார்.
6. மாரி தொடங்கியது.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெற்றோர் அதை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கு வேறொன்று கட்டத் தொடங்குவார்கள். வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள்; மூத்தவர் ராத்தா. நான் நடுவிலானவள், கட்டடப் படம் வரையப் படித்தவள். சூறாவளிக்குப் பிறகு சீமெந்துக்கும் ஓட்டுக்கும் ஊரே வரிசையில் நின்றது. எங்களிடம் இருந்தது களிமண்ணும், விழுந்து கிடந்த தென்னைகளும்தான். ஓலைக் கொட்டிலில் ஒரு மாரி மழைக்காலத்தைக் கழித்திருந்தோம். இன்னொரு மாரிக்கு மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அங்க பழைய ஆக்கள்ற வீடெல்லாம் மண்தான் புள்ள," என்றார் மாமா. "வெளியில நெருப்புக் கொட்டும். உள்ளுக்குப் போனா பானைக்குள்ள இரிக்கிற மாதிரி."

"மழை பெய்தா?"

"மழையா? தூறல் விழுந்தா எங்கட முதலாளி வெளிய வந்து கையை விரிச்சுக்கு நிப்பாரு."

அதனால், மழை அறியாத நாட்டுக்கென்று அவர் சொன்ன தட்டைக் கூரையை விட்டுவிட்டேன். தென்னை மரச் சட்டத்தின் மேல் சரிவாக ஓலை, சுவரை நன்றாகத் தாண்டி இறங்கும்படி. மற்றதெல்லாம் அந்த நாட்டு முறைதான். தடித்த சுவர்கள். தெருப் பக்கம் யன்னல் இல்லை. மேலே சூடான காற்று வெளியேற ஒரு குறுகிய கோபுரம். வாசல் உள்முற்றத்தைப் பார்க்கும். கதவு திறந்திருந்தால் முற்றத்தின் குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். வீட்டை ஒரே தடவையில் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஓர் அறை முழுமையான ஒரு துண்டு. இப்போது ராத்தாவுக்கு ஒன்று. பின்னர் எனக்கும் தங்கைக்கும் அதே அளவில் இரண்டு, அதே முற்றத்தைச் சுற்றி.

பழைய வீட்டின் கல் இருந்த அளவுக்கு அடித்தளம் போட்டோம். களிமண்ணில் உமி கலந்து, பலகை அச்சில் மண்கல் அறுத்து, வெயிலில் காயவைத்தோம். வெளியே சுண்ணாம்பு பூசினோம். கச்சான் காற்று அனலாக வீசிய நாட்களில், முடியாத அந்த அறைக்குள் போய் நின்றால் முதுகு வியர்வை காய்ந்துவிடும். நான் வரைந்தது வேலை செய்தது.

மாப்பிள்ளையின் உம்மா நிந்தவூரிலிருந்து வந்தார். வாசலில் நின்று கோபுரத்தைப் பார்த்தார்.

"இதென்னகா, அவுலியா அடங்கின சியாரமா கட்டுறீங்க?"

"கந்தூரி போட்டா சோறு தின்ன நீங்களும் வருவீங்கதானே, மதினி," என்றார் மாமா.

அவரும் சிரித்தார். உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நல்ல குளிர்ச்சி என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. வெளியே வந்தவர் முற்றத்தின் நடுவில் நின்றார்.

"அடுத்த அறை ஆருக்கு?"

"இவளுக்கு," என்று உம்மா என்னைக் காட்டினார்.

"இவட மாப்பிள்ளையும் இந்த முத்தத்தாலதான் வருவாரா?"

"ஓம்."

"அப்ப என்ட மருமகள் முகம் கழுவ வெளிய வந்தா, அந்நிய ஆம்பிளைக்கு முன்னால நிக்கணுமா?"

மாமா "அங்க எல்லாம்…" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அங்கே மகன்மார் வீட்டில் தங்குவார்கள். வெளியிலிருந்து வருவது மருமகள்கள். எங்கள் ஊரில் வெளியிலிருந்து வருவது மருமகன்கள். பெண்களை மறைப்பதற்கென்று இருந்த முற்றம், எங்கள் படத்தில் மூன்று அந்நிய ஆண்களின் நடைபாதையாகியிருந்தது.

முற்றத்தைப் பிரித்து ஆளுயர மதில் எழும்பினால்தான் நிக்காஹ் என்று மாப்பிள்ளையின் உம்மா சொன்னார். வாப்பா உடனே "ஓம்" என்றார்.

மதில் வாசலுக்கு முன்னால் வந்தால் காற்று நின்றுவிடும், தண்ணீரும் தேங்கும் என்று நான் சொன்னேன்.

"காத்தில்லாம இரிக்கலாம் புள்ள," என்றார் வாப்பா. "மாப்பிள்ளை இல்லாம…"

மாமா லீவு முடிந்து போய்விட்டார். மிச்ச மண்கற்களால் மதிலை எழுப்பினோம். அடியில் தண்ணீர் போக ஓட்டை விட்டேன். நிக்காஹுக்கு ஒரு கிழமை இருக்கும்போது வாடைக்காற்றோடு மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. மதிலிலிருந்து கரைந்த களி ஓட்டையை அடைத்தது. கம்பால் குத்தினோம்; மறுபடி அடைத்தது. வாளியால் இறைத்தோம், இறைத்ததைவிட வேகமாக ஏறியது. நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் அடித்தளக் கல்லைத் தாண்டியது. அறைச் சுவரின் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கழன்றது. உள்ளே போய்ச் சுவரின் அடியில் கை வைத்தேன். விரல் இறங்கியது.

"எது முதல்ல விழும்?" என்று கேட்டார் ராத்தா.

"அறைதான். அதிலதான் கூரைப் பாரம் இரிக்கி."

"மதில ஒடைச்சா?"

"தண்ணி ரோட்டுப் பக்கம் ஓடிரும்."

"தொடாத," என்றார் வாப்பா. "அவங்கட காதுல விழுந்தா முடிஞ்சுது."

ராத்தா கொட்டிலுக்குப் போய் இரும்பு அலவாங்கை எடுத்து வந்தார்.

"வீடு விழுந்தா மாப்பிள்ளை எங்க படுப்பார் வாப்பா, மதிலுக்கு மேலயா?"

நாலைந்து குத்தில் மதில் பிளந்தது. முற்றத்துத் தண்ணீர் முழுவதும் அந்தப் பிளவால் இரைந்து போனது. வாப்பா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். ராத்தா அவரைப் பார்க்கவில்லை. தொடர்ந்து குத்திக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் வாப்பா நிந்தவூருக்கு பஸ் ஏறினார். கோடையில் கல்லால் மதில் கட்டித் தருவதாகச் சொன்னாராம். கோடை வரட்டும் பார்க்கலாம் என்றார்களாம். கோடைக்கு முன்பே அந்த மாப்பிள்ளைக்கு வேறு ஊரில், ஓட்டு வீட்டோடு, கலியாணம் முடிந்துவிட்டது.

அறை நிற்கிறது. அடிச்சுவரைக் கல் வைத்துத் திருத்தியிருக்கிறோம். ஐந்து பேரும் அதற்குள்தான் இருக்கிறோம். மதில் மீண்டும் கட்டப்படவில்லை. அடுத்த அறையும் தொடங்கப்படவில்லை. ராத்தாவுக்கு இதுவரை வேறு கலியாணப் பேச்சு வரவில்லை.