வெண்ணிலா வாசித்த தப்பு

ரேடியல் ரோட்டில் சிக்னல் சிவப்பானதும் வெண்ணிலாவின் காது பக்கத்து வண்டியின் இண்டிகேட்டருக்குப் போய்விடும். டிக், டிக், டிக். அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு பத்து விரலும் ஸ்கூட்டரின் கைப்பிடியில் இறங்கும். கால் தன் பங்குக்குத் தனியாக ஒரு வேலை பார்க்கும். அன்றைக்குக் கோவிலம்பாக்கம் சிக்னலில் தாளம் ருசியாகக் கூடிவந்த நேரம் பார்த்து ஆட்டோக்காரர் இண்டிகேட்டரை அணைத்துவிட்டார்.

"யோவ், ஏன்யா நிறுத்துன? நல்லாப் போய்கினு இருந்துச்சே!"

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். ஹெல்மெட் போட்ட ஒரு பெண்மணி, காலடியில் அண்டா அளவுக்கு ஒரு கறுப்புப் பை. "இன்னாக்கா, பிரியாணியா?" என்றார்.

"டிரம்மு. வாசனை புடிக்காத, வழி வுடு."

நாற்பத்து நான்கு வயதாகிறது. வீடு கீழ்க்கட்டளையில். சினிமாப் பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிப்பதுதான் தொழில். 'இன்னிக்கி எங்கம்மா வேலை?' என்று எதிர்வீட்டில் கேட்டால், 'நேத்து ஒருத்தன வெட்டுனேன், இன்னிக்கி பல்லு வெளக்கப் போறேன்' என்பாள். முந்தின நாள் சண்டைக்காட்சி, இன்றைக்குப் பற்பசை விளம்பரம் என்று அதற்கு அர்த்தம். இப்போதெல்லாம் பாதி நாள் 'நாலு அடி வாசிங்கக்கா, மீதிய கம்ப்யூட்டர் பாத்துக்கும்' என்று சொல்லிவிடுகிறார்கள். வெண்ணிலாவுக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. அடுப்பில் வைத்த குழம்பு ஆறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

பிறந்தது ஈஞ்சம்பாக்கம் குப்பத்தில். அப்பா கடலுக்குப் போனார், அம்மா மீன் விற்றாள். அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு வந்த கச்சேரிக்காரர்கள் இலையில் உட்கார்ந்த சமயம், பள்ளிக்கூடச் சீருடையோடு மேடையேறி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவள்தான். சத்தம் கேட்டு அடிக்க ஓடிவந்த டிரம்மர், பாதி வழியில் நின்று, கையிலிருந்த சாம்பார் சாதம் காயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். "அந்தாளு அன்னிக்கி ரெண்டு சாத்து சாத்தியிருந்தா நான் டீச்சராயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வீட்டில் அவளைப் பாத்திரம் தேய்க்க விடுவதில்லை. ஒவ்வொரு குண்டானையும் தட்டிப் பார்த்து, சத்தம் பிடித்திருந்தால் தனியே எடுத்து வைத்து, இரண்டு மூடிகளை ஒன்றோடொன்று மோதிப் பார்த்து முடிப்பதற்குள் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடும். அவள் கணவன் மாணிக்கவேல் மாநகரப் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் ஆரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர். "நீ போய் உக்காரு தாயீ, நான் கழுவிக்கிறேன்" என்று அவரே குழாயடிக்குப் போய்விடுவார்.

இனி அந்தத் தப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் பிரணவ் என்கிற புது இசையமைப்பாளருக்கு ஒரு குத்துப்பாட்டு வாசிக்கப் போயிருந்தாள். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் சின்னதாக ஓர் உருட்டல். 'டட்டக் டட்டக்' என்று தொடங்கியபோது வலதுகைக் குச்சி டிரம்மின் விளிம்பில் பட்டு எகிறிவிட்டது. அவள் வாயைப் பிளந்து மேலே பார்த்தாள். குச்சி ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே வந்தது. எட்டிப் பிடித்து, பயத்தில் முழு பலத்தோடு அடித்தாள்: 'தா!' தாளத்துக்கு ஒரு மயிரிழை தாமதம். மன்னிப்புக் கேட்க எழுந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரணவ் நாற்காலிமேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தான். இன்னொரு முறை கேட்டான். வரவில்லை. போகட்டும் என்று தப்பையே பாட்டில் வைத்துவிட்டான்.

அந்தத் தப்பு ஊரைச் சுற்றியது. கல்யாண மண்டபம், பள்ளி ஆண்டுவிழா, ஷேர் ஆட்டோ, எங்கே அந்தப் பாட்டு ஓடினாலும் 'டட்டக் டட்டக்' என்றதும் ஜனம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருக்கும், 'தா!' என்றதும் ஒரே குதி. குச்சி காற்றில் இருந்த அந்த நேரத்துக்குத்தான் கை தூக்குகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அல்வா வாங்கப் போன இடத்தில் கடைக்காரரே கையைத் தூக்கியதைப் பார்த்து வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்திருக்கிறாள்.

இந்த ஆண்டு பிரணவ் வண்டலூருக்கு அப்பால் ஒரு மைதானத்தில் பெரிய கச்சேரி ஏற்பாடு செய்தான். "அக்கா, அந்த டட்டக் டட்டக் ரோல் லைவா வேணும். ஸ்கிரீன்ல உங்க கை மட்டும்தான் தெரியும்" என்றான்.

ஒத்திகையில் முதல் தடவை வாசித்தாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடி சுத்தமாக, தாளத்தின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடியும் வாசித்தாள், இன்னும் சுத்தம். இத்தனை வருடம் பிசகாமல் வாசித்துப் பழகிய கைக்குப் பிசகத் தெரியவில்லை. பிரணவ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "பரவால்லக்கா. அந்த இடத்துல ரெக்கார்ட்ல இருக்கறதையே ஓட்டிடலாம். நீங்க சும்மா கைய ஆட்டுனா போதும்."

வெண்ணிலாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. "நான் இன்னா துணிக்கடை பொம்மையா? நான் அடிச்சதுக்கு நானே வாயசைக்கணுமா? அடுத்த ரிகர்சலுக்குள்ள கொண்டாரேன், வுடு."

சொல்லிவிட்டாளே தவிர வரவில்லை. தலையணையில் அடித்தாள், சுவரில் அடித்தாள். சமையல் கரண்டியை எறிந்து பிடிக்கப் போய் அது மாணிக்கவேலின் ரசத்தில் விழுந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணும்னே தப்பு பண்றது கஷ்டம்தான்" என்றார்.

அந்த வாரம்தான் மேடவாக்கம் ரோட்டில், ஒரு பேக்கரியின் மாடியில் அந்தப் பலகையைப் பார்த்தாள். 'ஹேமநாத் டிரம்ஸ் வகுப்பு.' கீழே கொட்டை எழுத்தில்: 'டட்டக் டட்டக்... தா! ஒரே மாதத்தில் கற்றுத்தரப்படும்.' ஸ்கூட்டரை நிறுத்தி, பேக்கரி வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு மாடியேறிப் பேரைக் கொடுத்துச் சேர்ந்துவிட்டாள்.

ஹேமநாத்துக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வாரநாளில் கம்பெனி, சனி ஞாயிறில் வகுப்பு. வகுப்பின் மூத்த மாணவர் ராஜகோபாலன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வெண்ணிலா குச்சியைக் கையில் எடுத்ததுமே அவர் ஆறுதல் சொல்லத் தொடங்கினார். "டென்ஷனே ஆகாதீங்கம்மா. எனக்கே வந்துடுத்து, உங்களுக்கு வராதா?"

வாசித்துக் காட்டினாள். ஹேமநாத் தலையைச் சொறிந்தான்.

"கை நல்லா இருக்குக்கா. எங்கயாவது கத்துக்கிட்டீங்களா?"

"வூட்ல பாத்திரம் தேய்ப்பேன்."

"ஆனா அந்த எடத்துல மனசுக்குள்ள எண்ணுறீங்க. அதான் கரெக்டா வந்து விழுது. அந்தாளு எண்ணலக்கா. நான் எத்தனையோ தடவ கேட்டுப் பாத்துட்டேன், அந்தாளு குச்சியத் தவறவுட்டுட்டான்."

வெண்ணிலாவுக்குக் காது சூடானது. "குடிச்சிருப்பானோ?"

"சேச்சே! அப்படிச் சொல்லாதீங்கக்கா." ஹேமநாத்துக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "பாட்டுக்குக் கீழ பாடுனவர் பேரு, எழுதுனவர் பேரு, டான்ஸ் மாஸ்டர் பேரு எல்லாம் போட்டிருக்கான். இந்தாளு பேரு மட்டும் இல்ல. யாருன்னு தெரிஞ்சா போய்க் கால்ல விழுவேன். நீங்க எண்ணாதீங்க. குச்சிய மேல வுட்டுடுங்க. அது எப்ப வருதோ அப்ப அடிங்க."

"வராம போனா?"

"வராட்டி போவட்டும். அந்த பயம்தான்க்கா அந்த அடி."

விட்டாள். குச்சி ராஜகோபாலனின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிச் சென்றது. மறுபடியும் விட்டாள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், மேலே போன குச்சி திரும்பி உள்ளங்கைக்கு வந்தது. 'தா!' ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கீழே பேக்கரியில் யாரோ விசிலடித்தார்கள். ராஜகோபாலன் எழுந்து நின்று, "சொன்னேனா இல்லையா!" என்று தன் வெற்றியைப் போலக் கைகுலுக்கினார். ஆள் யாரென்று அவள் சொல்லவில்லை. இருவருக்கும் கச்சேரிக்கு முன்வரிசை அனுமதிச்சீட்டு மட்டும் கொடுத்தாள். தெரிந்தவர் ஒருத்தர் தந்ததாம்.

கச்சேரியன்று மாலை மைதானம் நிரம்பி வழிந்தது. அந்தப் பாட்டு தொடங்கியது. வெண்ணிலாவின் இரண்டு காதிலும் இயர்போன்கள். அவற்றில் கம்ப்யூட்டரின் டக் டக் தாளம். மேடையில் வாசிக்கிற எவரும் அதை விட்டு விலக முடியாது. சரணம் முடிந்தது. 'டட்டக் டட்டக்.' பெரிய திரையில் அவள் கைகள். குச்சியை விட்டாள். மைதானம் மொத்தமும் கை தூக்கியது. குச்சி வந்தது. தா! காமிரா கையிலிருந்து முகத்துக்கு ஏறியது. முன்வரிசையில் ராஜகோபாலன் நாற்காலிமேல் ஏறி, "அது நம்ம கிளாஸ்மா! நம்ம கிளாஸ்!" என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவர்களை உலுக்கினார். ஹேமநாத் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாம் சரணம் முடிந்து அதே இடம் மறுபடியும் வந்தது. 'டட்டக் டட்டக்.' விட்டாள். இந்த முறை உற்சாகம் கூடிப்போய்விட்டது. குச்சி மேலே விளக்குகளைத் தாண்டிப் போய், மேடைக்கு வெளியே எங்கோ இருட்டில் விழுந்தது. வெறும் கையோடு அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். பிரணவ் திடுக்கிட்டுத் திரும்பினான். அதற்குள் மைதானமே வாயைத் திறந்து ஒரே குரலில், ஒரு மயிரிழை தாமதமாக, அந்த அடியை அடித்தது.

வெண்ணிலா இடதுகையால் தாளத்தை ஓட்டிக்கொண்டே, காலியான வலதுகையை உயர்த்தி, காதுகளில் இருந்த இயர்போன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள்.